கொஞ்சம் குறிப்பாகச் சொல்ல முடியுமா

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பிரெஞ்சு பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு அறிக்கை எழுதப் பழக்குவது என் வேலை. அதில் வருஷா வருஷம் ஒரு பாடம் வரும்: ஒன்றைத் திட்டமாகச் சொல்வதற்கான வினைச்சொற்கள். தமிழிலும் இதற்கெல்லாம் சொல் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டில் நாம் 'சொன்னார்' என்ற ஒன்றை வைத்தே காலத்தை ஓட்டிவிடுகிறோம். இங்கிலீஷ்காரனுக்கு அது போதாது. மென்ஷன் என்றால் போகிற போக்கில் சொல்லிவைப்பது. ஸ்டேட் என்றால் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வது. இண்டிகேட் செய்ய வாயே வேண்டாம், காய்ச்சல்கூட இண்டிகேட் செய்யும். ஸ்பெசிஃபை என்றால் எது, எவ்வளவு, எப்போது என்று புட்டுப் புட்டு வைப்பது. அதையே நிபந்தனையாகப் போட்டால் ஸ்டிபுலேட், கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் செய்வது. இந்தக் கடைசி உதாரணம் அந்தப் பிள்ளைகளுக்குப் புரியாது. என் சந்தோஷத்துக்காகச் சொல்வேன்.

இப்போது அந்தச் சந்தோஷமும் போய்விட்டது. போன குளிர்காலம் இந்தப் பாடத்தை நடத்தும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று பயம்.

என் கணவர் பாலம் கட்டும் எஞ்சினியராக இருந்தவர். என்ன சிமெண்ட், எந்தத் தடிமனில் கம்பி, எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு பார்க்கின்சன் வந்தது. முதலில் கை நடுங்கியது, பிறகு நடை போனது. இப்போது எழுப்பிவிட ஓர் ஆள், குளிப்பாட்ட ஓர் ஆள், பொத்தான் போட்டுவிட ஓர் ஆள் வேண்டும். எல்லா ஆளும் நான்தான். காலையில் இத்தனையும் முடித்து, நாங்கள் குடியிருக்கும் லாசாலிலிருந்து பஸ் மாறி மாறி, இந்தத் தீவு நகரத்தின் மேற்கு முனையில் இருக்கும் கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது எனக்கு அந்த நாளே முடிந்துவிட்டதுபோல இருக்கும்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததால் சுகாதார மையத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடானது. அவள் பார்த்துத் தேவை என்று சொன்னால் காலையில் குளிப்பாட்ட ஆள் அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் இந்த செமஸ்டரோடு நான் வேலையை விட வேண்டியதுதான். வேலையை விட்டாலும் அவரைத் தூக்கித் தூக்கிப் போன என் இடுப்பு திரும்பி வராது.

நான் கல்லூரிக்குப் போகும் நாட்களில் அவரை வந்து வந்து பார்த்துக்கொள்வது மாடி வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாதான். அந்த அம்மாவுக்கு இந்த விஷயத்தில் அடிபட்ட அனுபவம் உண்டு. முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ரீச்சர், அவை வரேக்கை வீட்டை அடுக்கி வைக்காதேங்கோ. எங்கட மாமாவைப் பாக்க வந்த நேரம் நான் எல்லாத்தையும் பளபளப்பாக்கி வைச்சன். நல்லாத்தானே இருக்கிறியள் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். ஐயாவுக்கு ஷேவும் எடுத்து விடாதேங்கோ. அவை கேக்காததையும் சொல்லுங்கோ. பேந்து அழுது வேலையில்லை."

பழக்கத்தில் நானும் "ஓம், ஓம்" என்றேன்.

மறுநாள் காலை என் கணவர் ஆரம்பித்தார். "வீட்டுக்கு ஒருத்தங்க வர்றாங்க. இப்படியே லுங்கியோட உக்காரச் சொல்றியா? அந்த நீலச் சட்டையை எடு."

எடுத்தேன். ஷேவ் செய்துவிட்டேன், தலையும் வாரிவிட்டேன். வருகிறவளுக்கு வெறும் காபியா கொடுப்பது என்று கேசரி கிண்டினேன். அவர் உட்கார்ந்து குளிக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துணி அலமாரிக்குள் தள்ளி மூடினேன். விருந்தாளி கண்ணில் படக்கூடாதாம். அதைப் பார்க்கத்தான் அவள் வருகிறாள் என்று புத்திக்குத் தெரிந்தது, கை கேட்கவில்லை.

அவள் சின்னப் பெண். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தாள். என் கணவர் போன்ஷூர் சொல்லி, பனியில் கார் ஓட்டி வருவது கஷ்டமாக இருந்திருக்குமே என்று பிரெஞ்சில் விசாரித்தார். எந்தப் பாலம் வழியாக வந்தாள் என்று கேட்டு அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு வேடிக்கையும் சொன்னார். அவள் சிரித்தாள். கேசரியை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டாள். கையை மட்டும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார், நடுக்கம் தெரியாமலிருக்க. மனுஷன் இத்தனை நன்றாக இருந்து நான் பார்த்து மாதக்கணக்காகிறது.

பிறகு அவள் இங்கிலீஷுக்கு மாறி என் பக்கம் திரும்பினாள். ஒரு சாதாரண நாளை டிஸ்கிரைப் செய்யச் சொன்னாள். டிஸ்கிரைப் தாராள மனசுள்ள சொல், வேண்டாததை விட்டுவிட இடம் கொடுக்கும். நான் விட்டேன். காபி, செய்தித்தாள், சாயங்காலம் டிவி, நடுவில் கொஞ்சம் உதவி என்றேன். கொஞ்சம் உதவி என்று மென்ஷன் செய்தீர்களே, அந்தக் கொஞ்சத்தைக் கிளாரிஃபை செய்ய முடியுமா என்றாள். கிளாரிஃபை என்று கேட்டால் நீங்கள் சொன்னது அவர்களுக்கு இன்னும் போதவில்லை என்று அர்த்தம். வகுப்பில் நானே சொல்வேன். அப்பப்போ, எப்பவாவது, சமாளித்துக்கொள்கிறோம் என்று என்னென்னவோ சொன்னேன். இவரும் சேர்ந்துகொண்டு "வீ மேனேஜ்" என்றார்.

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கனிவாகத்தான் கேட்டாள். "கேன் யூ பீ ஸ்பெசிஃபிக், மேடம்?"

கேட்டது ஞாயம். என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் நானும் சிவப்பு மையில் அதைத்தான் எழுதியிருப்பேன். சொல்ல வேண்டியது அத்தனையும் நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அவர் அங்கே நீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து வெளியாள் முன்னால் நான் அவரை விட்டுக்கொடுத்ததில்லை. அவர் தினமும் குடிக்கும் காபியை யார் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்பதைக்கூட அவர் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் இருந்ததை எப்படிச் சொல்வேன்?

"கொஞ்ச நேரம் உள்ள போய்ப் படுத்துக்கறீங்களா?" என்றேன் தமிழில்.

எதற்கென்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியின் கைகளைப் பிடித்து எழப் பார்த்தார். வரவில்லை. விருந்தாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் எழ முயன்றார். நான் போய் அக்குளில் கை கொடுத்து, என் பாதத்தை அவர் பாதத்துக்கு முட்டுக்கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று தினமும் சொல்வதுபோலச் சொல்லித் தூக்கினேன். எழுந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. இந்த வியாதியில் அப்படி ஒன்று உண்டு, நினைத்தாலும் கால் நகராது. தொடையைத் தட்டி, இடது கால், இடது கால் என்றேன். அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்குப் பாதி அதிலேயே தெரிந்திருக்கும். மீதிப் பாதியைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டிலில் படுக்கவைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். அவர் விட்டத்தைப் பார்த்தபடி பேசினார்.

"எல்லாத்தையும் சொல்லிடு. ஒண்ணையும் விடாதே. சொல்லாட்டா அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

"கதவை மட்டும் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். சொன்னேன். எது, எவ்வளவு, எப்போது, எந்தத் துணி, எந்த வாளி, எங்கே பிடித்துத் தூக்குகிறேன், குளியலறையில் விழுந்த அன்று நானும் அவருடன் ஈரத்தரையில் எத்தனை நேரம் கிடந்தேன், எல்லாம். சில நாள் அவர் கூப்பிடும் குரலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது என்பதையும் சொன்னேன். அவள் நிறுத்தாமல் எழுதிக்கொண்டாள். காலையில் ஆள் அனுப்பச் சிபாரிசு செய்கிறேன், கிடைத்துவிடும் என்றாள். மெர்சி என்றேன்.

லாசால் அபார்ட்மெண்டுகளின் சுவர் வெறும் அட்டை. அவருடைய கை போய்விட்டது, கால் போய்க்கொண்டிருக்கிறது. காதுக்கு மட்டும் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.