முக்காப்படம்

நீங்கள் கடைசியாகப் பார்த்த படம் எப்படி முடிந்தது? யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். சரி, இதற்கும் சொல்லுங்கள்: அது முடிந்துகொண்டிருந்த அந்தக் கால்மணி நேரம் உங்கள் வீட்டு அடுப்படியில் யார் நின்றுகொண்டிருந்தார்கள்?

எதிர்வீட்டு அம்மாள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள நிலைப்படியில் குறுக்காக உட்கார்ந்துதான் படம் பார்ப்பார். ஒரு கால் கூடத்தில், ஒரு கால் அடுப்படியில். வலது காதில் வசனம், இடது காதில் குக்கர். மூன்றாவது விசிலுக்கு எழுந்து போவார். அப்போது கதாநாயகன் வில்லனின் கழுத்தைப் பிடித்திருப்பான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வரும்போது திரையில் சுபம் போட்டிருக்கும்.

அதனால் தெருவில் அவருக்கு முக்காப்படம் என்று பெயர். கேட்டால் கோபப்பட மாட்டார். "பொய்யா சொல்றாங்க? ஒரு படமாவது முழுசாப் பாத்திருந்தா சண்டைக்குப் போகலாம்" என்பார்.

வயது ஐம்பத்தேழு. சட்டைக் கம்பெனியில் காஜா மெஷினில் வேலை, அதாவது பொத்தான் நுழைவதற்கான ஓட்டை போடுவது. "ஒரு நாளைக்கு ஆயிரம் ஓட்டை போடறேன். ஒரு பொத்தான் தைக்க விட்டாங்களா? அதையும் எவளோ முடிக்கிறா" என்று சிரிப்பார். சிரிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கும் பழக்கம் உண்டு. கண்ணாடி என்னவோ கீறல் விழுந்ததுதான், துடைத்தாலும் தெளியாது.

இந்த நூற்றாண்டின் பொழுதுபோக்கெல்லாம் அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போயிற்று. சிறுமியாக இருந்தபோது பூங்காவில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் ரேடியோ பாடும். அண்ணன்மார் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். இவர் குழாயடி வரிசையில் நின்று கேட்டார். குடம் நிறைந்ததும் பாட்டு முடிந்ததாக அர்த்தம். வீட்டுக்கே ரேடியோ வந்தது. நாடகம் ஒலிபரப்பாகும் நேரமும் மாவு அரைக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்தன. பிறகு தியேட்டர். மதியக் காட்சிக்குப் போனால் ஆண்கள் வேலைவிட்டுப் பசியோடு திரும்புமுன் வீட்டில் இருக்க வேண்டும். ஆகவே அந்தத் தெருப் பெண்கள் கூட்டமாகப் போய், கதை முடியக் கால்மணி இருக்கும்போதே கூட்டமாக எழுந்து வருவார்கள். இவர்களுக்காகவே தியேட்டர்காரர் பக்கக் கதவை முன்கூட்டித் திறந்துவைப்பாராம். யாரும் சட்டம் போடவில்லை. யாரும் அதை அநியாயம் என்று நினைக்கவும் இல்லை.

பிறகு தொலைக்காட்சி, வாடகை வீடியோ, கேபிள். ரேடியோ பேச்சைக் கெடுத்தது, சினிமா நாடகத்தைக் கெடுத்தது, தொலைக்காட்சி சினிமாவைக் கெடுத்தது என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எல்லாம் மாறிய இந்த நூறு ஆண்டில் மாறாத ஒன்றை மட்டும் எவரும் எழுதக் காணோம்: நடுவில் எழுந்து போகிற ஆள். இதைத் தாய்மையின் பொறுமை என்று கவிதை வேறு பாடுகிறோம். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது. வேலையை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பூச்சூட்டிப் பார்க்கிறோம்.

அம்மாள் கவிதைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பார்க்காத முடிவுகளைத் தானே செய்துகொண்டார். கம்பெனியில் மதியச் சாப்பாட்டு வேளையில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடும். முக்கால் கதை திரையிலிருந்து, கால் கதை சொந்தச் சரக்கு. அவர் முடிவுகளில் எந்தப் பெண்ணும் இருமி இருமிச் சாவதில்லை. அடித்தவன் காலில் விழுந்து எவளும் மன்னிப்புக் கேட்பதில்லை. ஒருமுறை அவர் சொன்ன முடிவை நம்பி, மெஷின் வரிசைத் தோழிகள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்குப் போனார்கள். அங்கே கதாநாயகி விஷம் குடித்தாள். திங்கள்கிழமை வந்து சண்டை பிடித்தார்கள்.

"ஏன்க்கா, அவ தையல் கடை வச்சுப் பொழச்சான்னுல்ல சொன்ன?"

"நான் எங்க பாத்தேன்? எனக்கு அவள சாகடிக்க மனசு வரல."

"போக்கா. அந்த டைரக்டருக்கு உன் மனசு இருந்திருக்கலாம்" என்று ஒருத்தி சொல்ல, சண்டை சிரிப்பில் முடிந்தது.

ஆனால் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் அவர் உண்மையான முடிவைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். கல்யாணமாகி முதல் மாதம் கணவரோடு பார்த்த படம். அதில் ஒருத்தி டீச்சர் வேலைக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு, வீட்டில் சொல்லாமல் ரயில் நிலையத்தில் தகரப்பெட்டியோடு நிற்கிறாள். வண்டி வருகிறது. அந்த இடத்தில் கணவர் தோளைத் தட்டினார். "எந்திரி, அம்மா பசியோட இருப்பாங்க." மறுநாள் அவர் மட்டும் நண்பர்களோடு போய் மிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன ஆச்சு என்று இவர் கேட்டதற்கு, "என்ன ஆகும்? படம் முடிஞ்சுது" என்றார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அதே பதில். அந்தப் பெண் வண்டி ஏறினாளா என்று அம்மாள் எத்தனையோ பேரிடம் விசாரித்திருக்கிறார். ஒருவருக்கும் நினைவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் அந்தப் படத்தின் குறுந்தட்டைத் தேடிப்பிடித்து வாங்கிவந்தான். எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் போயிருந்தேன். கணவர் நாற்காலியில், மகன் தரையில், மருமகள் சுவரோரம். இன்னொரு நாற்காலி காலியாக இருந்தும் அம்மாள் பழக்கதோஷத்தில் நிலைப்படியிலேயே உட்கார்ந்தார்.

ரயில் நிலையம் வந்தது. தகரப்பெட்டி வந்தது. தூரத்தில் வண்டியின் புகை தெரிந்தது. சொல்லிவைத்தாற்போல் மூன்றாவது விசில்.

"இந்தா, அடுப்பப் பாரு" என்றார் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மாளின் கை தானாக நிலைக்கதவைப் பற்றியது. முட்டி பாதி நிமிர்ந்தது. "நிறுத்தி வைக்கட்டுமாம்மா?" என்று மகன் ரிமோட்டை எடுத்தான். எங்கள் காலத்து இயந்திரம் நிற்கக் கற்றுக்கொண்டது. மனிதர்கள்தான் எழுந்திருக்கக் கற்கவில்லை. மாமியாரின் அவஸ்தையைப் பார்த்து மருமகள் எழுந்தாள். அடுத்த முக்காப்படம் தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அம்மாளுக்கு என்ன தோன்றிற்றோ, எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ ஒக்காரு. நிறுத்தாதடா, ஓடட்டும்." பிறகு கணவரைப் பார்த்து, குரல் உயர்த்தாமல் சொன்னார்: "ஏங்க, நீங்கதான் இத முழுசாப் பாத்தாச்சே. நீங்க போங்க."

கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து போனார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து, டீசல் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டியவர். அடுப்படியிலிருந்து அவர் குரல் வந்தது. "இத எந்தப் பக்கம் திருப்பணும்?"

திரையில் வண்டி நின்றது. அந்தப் பெண் ஏறவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தலை குனிந்து, வீட்டை நோக்கித் திரும்பி நடந்தாள். எல்லோரும் அம்மாளைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதுக்கா? முப்பத்தெட்டு வருஷமா நான் இவள ரயில் ஏத்தி விட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு காலையும் கூடத்துக்குள் இழுத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். சுபம் வருவதற்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"ஏ, எந்தப் பக்கம்னு கேட்டேனே" என்றது மறுபடியும் அடுப்படி.

அம்மாள் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் உயர்த்தி, காற்றில் வலது பக்கமாக ஒரு திருப்புத் திருப்பிக் காட்டினார்.

உங்கள் வீட்டு அடுப்புக் குமிழும் பெரும்பாலும் அதே பக்கம்தான் திரும்பும். இந்த ஞாயிறு படம் முடியக் கால்மணி இருக்கும்போது நீங்கள் எழுந்து போய்த் திருப்பிவிட்டு வாருங்கள். நிலைப்படியில் இருப்பவர் உள்ளே வந்து உட்காரட்டும்.