வெயிட்டிங் ரூம் கதவு

பழைய வண்ணாரப்பேட்டையில் அத்தாவுல்லா பாய் வீட்டு வாசற்கதவு ஒரு ரயில்வே கதவு. துறைமுகப் பாதையோரம் இருந்த சின்ன ஸ்டேஷனை இடித்தபோது, பழைய மரச் சாமான் வியாபாரியான அவர், வெயிட்டிங் ரூமின் தேக்குக் கதவை விற்க மனமில்லாமல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். "பாய் இன்னும் ரயிலுக்குத்தான் காத்துகினு கீறாரு" என்று தெருவே கிண்டலடிக்கும். எதிர்வீட்டுக்காரனான நானும்தான்.

அவர் மனைவி சாபிராவுக்கு ஞாபகம் தப்பியதும் அந்தக் கிண்டல் நின்றது. பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று லாரிகளுக்கு நடுவே இறங்கிவிடுவார். பாய் கதவின் உச்சியில், சாபிராவின் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் அடித்தார். அப்புறம் சாபிரா கதவை நகத்தால் பிறாண்டத் தொடங்கினார்.

"தொறங்க. வண்டி பூடும். எங்க வாப்பா காத்துகினு இருப்பாரு."

"இதான் சாபிரா உன் வூடு" என்பார் பாய். பிறாண்டுகிற சத்தம் என் வீடு வரை கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும். வெளியே சொல்ல முடியுமா?

போன வருஷம் சாபிரா இறந்தார். பாய் அழவில்லை. சாப்பிட்டார், கடைக்குப் போனார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அந்தக் கதவை மட்டும் அவர் தொடவில்லை. மகன் ஃபவாஸ் திறந்தால்தான் வருவார், போவார்.

இடித்த ஸ்டேஷனையே மறுபடி கட்டி அருங்காட்சியகமாக்கினார்கள். இடிக்கும்போது எவனுக்கும் தெரியாத அருமை இப்போது தெரிந்துவிட்டது! கதவைக் கேட்டு வந்தார்கள். பாய் "எட்துகினு போங்க" என்றார்.

"கீறலையாவது இழைச்சுட்டுக் குடுப்போம் வாப்பா" என்றான் ஃபவாஸ்.

"அதுல கை வெச்சே, தெரியும் சேதி." ஒரு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

திறப்பு விழாவுக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். புது சுவர், புது பெயின்ட் வாசனை, நடுவில் அந்தக் கதவு. சுற்றிக்காட்டும் பெண் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். "இந்தக் கீறல்கள் அந்தக் காலத்துப் பயணிகளோடது. வண்டி போயிடுமேன்னு பதறிப் பிறாண்டியிருக்காங்க."

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தேன்.

"வுடு பரசு. சரியாத்தான் சொல்லுது" என்று பாய் என் கையைப் பிடித்தார். பிறகு அவளிடம் கேட்டார்: "மேல ஒரு தாழ்ப்பாள் இருந்துச்சேம்மா?"

"பழைய போட்டோவுல அது இல்லீங்க ஐயா, கழட்டிட்டோம். இது இனிமே எப்பவும் திறந்தேதான் இருக்கும்."

பாய் கிட்டே போனார். சாபிராவின் கை உயரத்துக்குக் குனிந்து, கீறல்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தொறந்துட்டாங்க சாபிரா" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை. அழுதது நான்தான்.