ஏரிக்கரை எருமையும் என் வயிற்றெரிச்சலும்

பச்சை மூங்கிலைப் பிளக்கும்போது ஒரு வாசனை வரும்... வெள்ளரிக்காய் நறுக்கினதுபோல. எல்லாருக்கும் அது குளிர்ச்சி. எனக்கு மட்டும் வயிறு எரியும்.

அப்போது எனக்கு இருபது வயது. கிழக்குத் தாம்பரத்தில் பூச்சு வேலை. சர்ச்சில் பசங்களைச் சேர்த்து ஏதாவது செய்துகொண்டே இருக்கும் ஸ்டெல்லா டீச்சர் ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, சேலையூர் ஏரிக்கரைல புள்ளைங்க ஏறி விளையாட ஒரு பெரிய எருமை செய்யப்போறோம். சிமென்ட் வேலைக்கு நீ வந்துடு."

எருமைதானே, போனேன்.

அங்கே மூன்று பேர். ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து பஞ்சாபிப் பெண் ஹர்ப்ரீத். காலேஜ் ஹாஸ்டலிலிருந்து கென்யாக்காரன் ஜோசப். அதே ஹாஸ்டலில் மிசோரம் பையன் லாலா. நாலாவது நான், ஆறாங்கிளாஸோடு நின்றவன்.

முதல் நாளே கொம்பில் சண்டை. "எங்க ஊர் எருமைக்கு கொம்பு ரவுண்ட்" என்றாள் ஹர்ப்ரீத். எங்கள் ஏரியில் ஊறும் எருமைக்குக் கொம்பு நீளமாகப் பின்னால் போகும் என்றேன் நான். எங்கள் ஊர் எருமை சிங்கத்தையே முட்டிக் கொல்லும் என்றான் ஜோசப். கடைசியில் ஒரு கொம்பு பஞ்சாப், ஒரு கொம்பு சேலையூர். ஜோசப்புக்காக மூக்கில் கொஞ்சம் கோபம்.

லாலா மட்டும் சண்டைக்கு வரவில்லை. உட்கார்ந்து மூங்கிலைப் பிளந்தான்.

எங்கள் தொழிலில் கம்பி வளைத்து, கட்டுக்கம்பி முறுக்கி ஒரு வாரம் செய்கிற கூட்டை அவன் மூன்று நாளில் கட்டினான். ஆணி இல்லை, கம்பி இல்லை. மூங்கில் நாரிலேயே முடிச்சு. மூன்றாம் நாள் சாயந்திரம் எலும்பும் இடுப்புமாக ஒரு எருமை அங்கே நின்றது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

அப்புறம் என் முறை. கூட்டின்மேல் கோழிவலைக் கம்பி சுற்றி, மூன்று பூச்சு பூசினேன். ஒவ்வொரு பூச்சு காயும்போதும் முதுகு வெடித்துவிடக் கூடாதே என்று ஈரச்சாக்கு போர்த்தி, வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றினேன். இதை எவன் நின்று பார்த்தான்?

கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது லாலா ஒரு மூங்கில் சீப்பால் கழுத்திலிருந்து வால்வரை கீறினான். அவ்வளவுதான். ரோமம் வந்துவிட்டது.

டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டார். "என்னா கைப்பா உனக்கு." அப்படியே என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த சிமென்ட் சட்டியக் கழுவி வெச்சுடு."

கழுவினேன். கழுவக் கழுவ எரிச்சல் ஏறியது.

எல்லாரும் போனதும் சிமென்ட் பாலைக் கரைத்து, பூசுகிற கரணையை எடுத்தேன். கழுத்திலிருந்து வால்வரை ஒரு ரோமம் விடாமல் தேய்த்தேன். நம் தொழில்தானே. ஹால் சுவர்போல வழவழவென்று பளபளத்தது எருமை. அப்போது இருந்த சந்தோஷம் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பயமாகிவிட்டது.

மறுநாள் காலையில் லாலா எருமையை ஒரு சுற்று சுற்றினான். முதுகில் உள்ளங்கையை வைத்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடத் தயாராக நின்றேன். அவன் சிரித்தான்.

"அண்ணா, எருமை இப்ப தண்ணிலேந்து வந்தாச்சு. நல்லா."

ஹர்ப்ரீத் கைதட்டினாள். "ஆமாம்ல," என்றார் டீச்சர், "லாலா சொன்னப்பறந்தான் எனக்குத் தெரியுது. என்னா கண்ணுப்பா உனக்கு."

பார்த்தீர்களா... நான் கெடுத்ததற்கும் பாராட்டு அவனுக்கே போனது.

அதோடு விட்டானா? ரெண்டு டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணா, கரணை எப்படிப் பிடிக்கிறது, சொல்லிக் குடு." நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் ஒரு மனிதன் எப்படித்தான் பொறாமைப்படுவது?

படிப்பு முடிந்தும் மாற்றலாகியும் மூன்று பேரும் போய்விட்டார்கள். எங்கே இருக்கிறார்களோ. இன்று என்னிடம் மட்டம் பார்க்க லேசர் லெவல் இருக்கிறது, எட்டு ஆள் இருக்கிறார்கள், வாட்ஸப்பில் டிசைன் வருகிறது. அன்று அவன் வெறும் கண்ணால் வளைத்த ஒரு வளைவு இன்றைக்கும் எனக்கு வராது.

போன மாதம் எருமையின் முதுகில் ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். என் கூட்டாளி முருகேசனோடு போனேன். ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூங்கில் எப்போதோ மக்கிப் போயிருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் குஷி. நின்றது என் பூச்சுதான்.

அப்புறம் சரியாகப் பார்த்தேன். மூங்கில் இருந்த இடமெல்லாம் சிமென்டில் கணு கணுவாக அச்சு. அவன் போட்ட முடிச்சுகூட ஒவ்வொன்றாக. என் சிமென்டே எனக்குத் தெரியாமல் அவன் வேலையை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறது.

"இன்னா மச்சான், உள்ள இன்னா பாத்துகினு கீற? கலவை இறுகுது, அடைச்சுடலாமா?"

"இறுகினா வேற கலக்கிக்கலாம்" என்றேன். "கொஞ்சம் இரு."