புதுக் கிரீஸ்

"இதுக்குக் கடைசியா எப்ப கிரீஸ் அடிச்சீங்க?"

சுலக்ஷனா மிஸ் இதைக் கேட்டது என்னிடம். விடை எனக்குத் தெரியும். முதல் நாள் மாலை கிரீஸ் கன்னைப் பிடித்து அடித்ததே நான்தான். ஆனால் அடிக்கச் சொன்ன தலைமை ஃபிட்டர் பழனியாண்டி அண்ணன் எதிரே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

மிஸ் இரண்டாம் முறை கேட்கவில்லை. தேயிலை உலர்த்தும் ட்ரையரின் விசிறியை நிறுத்தச் சொன்னார். அது முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, பேரிங் ஓரத்தில் பிதுங்கியிருந்த கிரீஸை விரலால் தொட்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேன் நிறத்தில் பளபளத்தது. அளவுத் தாளில், கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில், அந்த விரலை ஒரு தரம் அழுத்தினார். பிறகு அதிர்வு அளக்கும் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"இன்னிக்கு அளக்கல. பத்து நாள் கழிச்சு வர்றேன். அதுவரைக்கும் யாரும் இதுல கிரீஸ் போடாதீங்க."

மிஸ்ஸுக்கு முப்பத்தாறு வயது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களுக்கு, அதிர்வை அளந்து பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்கிறார். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வருவார். கருவிப் பெட்டியை மடியைவிட்டு இறக்க மாட்டார். யாராவது தாளில் "சரி" என்று மட்டும் எழுதினால், "சரின்னா எத்தன? நம்பர எழுதுங்கண்ணே" என்பார். அளந்து முடிக்கும்வரை எங்கள் தேநீரைத் தொட மாட்டார். அவருக்கென்று போட்ட நாற்காலியில் உட்காரவும் மாட்டார்.

பழனியாண்டி அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. மிஸ் வருகிறார் என்று இரண்டு நாளாக எல்லாவற்றையும் துடைக்க வைத்தவர் அவர். ஆயுத பூசைக்குக்கூட நாங்கள் அப்படித் துடைத்ததில்லை.

"வெளியாளு வர்றாங்கன்னா வீட்டக் கூட்டித்தானே வைப்போம் மிஸ்? அழுக்கோடவா காட்டச் சொல்றீங்க?"

"அழுக்கோடதாண்ணே காட்டணும். பெனடோலப் போட்டுக்கிட்டு டாக்டர்கிட்ட போனா, அவரு தொட்டுப் பாத்துட்டு காய்ச்சலே இல்லன்னுதான் சொல்லுவாரு."

நாங்கள் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை. அப்போதுதான் திலக்ஷனைப் பற்றிச் சொன்னார்.

நான்கு வருடத்துக்கு முன், கினிகத்தேனைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலை. திலக்ஷன் அங்கே ஃபிட்டர், இருபத்தொன்பது வயது. பயிற்சிக்கு மிஸ் வருகிறார் என்று எல்லா பேரிங்குக்கும் புதுக் கிரீஸ் அடித்து, நாற்காலியில் புதுத் துவாய் விரித்து, தேநீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தார். மிஸ் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு அளந்தார். கருவி நல்ல அளவையே காட்டியது. உள்ளே வெடிப்பு விட்டிருக்கும் பேரிங்கின் சத்தத்தைப் புதுக் கிரீஸ் சில நாட்களுக்கு அமுக்கிவிடும். அவர் படித்த விஷயம்தான். ஆனால் கிரீஸ் எப்போது அடித்தது என்று கேட்கவில்லை. "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வாரம் பேரிங் இறுகி, அச்சு முறிந்து, விசிறி கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்தில் நின்றவர் திலக்ஷன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

"அவரு சம்சாரம் ஷாமிலா என்னைய ஏசவே இல்ல," என்றார் மிஸ். "'மிஸ் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கன்னு அன்னைக்கு சந்தோஷமா வந்து சொன்னாரே மிஸ்'ன்னு மட்டும் சொன்னாங்க."

அந்த நேரத்தில் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் உள்ளே வந்தார். "கொழுந்து குவியிற நேரத்துல இன்னொரு நாளா? இன்னிக்கே அளந்து குடுத்துட்டுப் போங்க!"

"இன்னிக்கு அளந்தா அது பொய்யி சேர்," என்றார் மிஸ். சோக்கட்டியால் விசிறியைச் சுற்றி நிலத்தில் ஒரு கோடு போட்டார். "இது ஓடுறப்ப கோட்டுக்கு உள்ள யாரும் நிக்காதீங்க." பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தன் லீவு நாளில், மழையில் நனைந்துகொண்டு ஏறி வந்தார். இந்த முறை அவர் கேட்கும் முன்பே நான் சொன்னேன்: "பதினோரு நாளு மிஸ். நாந்தான் அடிச்சேன்." அவர் தலையாட்டினார். விசிறியை நிறுத்தித் தொட்டுப் பார்த்தார். விரல் கறுப்பானது. மறுபடி ஓடவிட்டு அளந்தார். கருவியில் எண் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஏறியது.

கழற்றிப் பார்த்தோம். பேரிங்கின் உள்வளையத்தில் நகம் அளவுக்கு இரும்பு பெயர்ந்திருந்தது. பழனியாண்டி அண்ணன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடா இருக்குதேன்னு நான் தெனமும் இதுக்குப் பக்கத்துல உக்காந்துதான் சோறு திங்கிறது மிஸ். கோடு போட்டதுக்குப் பொறகுதான் எடம் மாறுனேன்."

மிஸ்ஸின் முகத்தில் நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவர் பேரிங்கைப் பார்த்தபடி, "திலக்ஷனோட பேரிங்கும் இப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றார்.

அதே தாளை எடுத்து எண்ணை எழுதினார். தேன் நிறக் கறைக்குப் பக்கத்தில் கறுத்த விரலை அழுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பழனியாண்டி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அழகாகக் கையெழுத்துப் போடுவார். ஆனால் பேனாவை வாங்கவில்லை. உடைந்த பேரிங்கின் பழைய கிரீஸில் விரலைத் தொட்டு, மிஸ்ஸின் விரல் அடையாளத்துக்குக் கீழே மெதுவாக வைத்து அழுத்தினார்.

உங்கள் வீட்டிலோ லயத்திலோ இயந்திரத்தோடு வேலை செய்கிறவர் இருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். திலக்ஷனின் பெயரையும் சொல்லுங்கள்.