சுப்பராமன் மாஸ்டர் கொடுத்த தானம்

எங்கள் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த சுப்பராமனுக்கு ஒரு பைத்தியம். எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் வேரைத் தோண்டிப் பார்க்காமல் விடமாட்டார். கணக்கு வாத்தியாரான எனக்குக் கல்பாத்தியில் அவருக்கு அடுத்த வீடு. ஸ்கூலுக்கு நடக்கும் வழியெல்லாம் என் உயிரை வாங்குவார்.

ஸ்கூலுக்குப் புதுக் கட்டடம் கட்ட டொனேஷன் திரட்டிய வருஷம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். லத்தீனில் 'டோனும்' என்றால் கொடை. நம்முடைய 'தானம்' அதற்குப் பங்காளி. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்றார்.

"ஆனா அவா குடுத்துட்டுக் கல்லுல பேரை வெட்டிக்கறா. நாம ஜலத்தை விட்டு 'ந மம'ங்கறோம். என்னோடது இல்லை. அதோட போச்சு."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. காரணம் எனக்குத் தெரியும்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மனைவி தர்மாம்பாளின் அக்கா அபயாம்பாளுக்கும் அவள் புருஷன் ராமபத்ரனுக்கும் குழந்தை இல்லை. கொல்லங்கோட்டில் அவர்களுக்கு நிலம் உண்டு, நெல் உண்டு. தொட்டில் கட்டத்தான் வழியில்லை. சின்னவன் மணியை, பால்குடி மறந்த வயதில், ஹோமத்தின் முன்னால் உட்கார்ந்து தத்துக் கொடுத்தார்கள். தீர்த்தத்தை விட்டு அவர் 'ந மம' சொன்னதை நானும் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அப்பா ராமபத்ரன். கோத்திரமும் அவருடையது. பெற்றவள் சித்தியானாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் டைபாய்டு வந்து பெரியவன் போனான். அதற்கப்புறம் தர்மாம்பாள் அழுது நான் பார்க்கவில்லை. அரிசி களைவாள், பாத்திரம் துலக்குவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான். அவரும் ஸ்கூலுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். வழியில் பேச்சில்லை. ஒரு சொல்லையும் தோண்டவில்லை. என் உயிரை வாங்கமாட்டாரா என்றிருந்தது எனக்கு.

சில மாதம் கழித்து அபயாம்பாள் மணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கு அங்கே பூணூல் போட்டாகியிருந்தது. நானும் அப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் வராததுமாக அவள் ஆரம்பித்தாள்.

"தர்மு, இவனை நீயே வெச்சுக்கோடி. நீ இருக்கற இருப்பை நெனைச்சா எனக்கு அங்கே சாதம் எறங்கலை. அவரும் செரின்னுட்டார்."

தர்மாம்பாள் புருஷனைப் பார்த்தாள். அத்தனை மாதத்தில் அவள் முகத்தில் உயிர் வந்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினால் போதும், பிள்ளை அந்த வீட்டிலேயே தங்கிவிடுவான்.

"குடுத்ததைத் திரும்ப வாங்கிண்டா அதுக்குப் பேர் தானமில்லை, அக்கா. அவன் உங்க பிள்ளையாக்கும்," என்றார் சுப்பராமன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓய், பெத்த பிள்ளையைவிடவா உமக்கு ஒரு சொல்லு பெரிசு?" என்று கத்தினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தர்மாம்பாள் உள்ளே போய் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, குடித்தோம்.

பெரியவர்களை நமஸ்கரிக்கும்போது இரண்டு காதையும் தொட்டுக்கொண்டு, இன்ன கோத்திரம், இன்ன பெயர் என்று 'அபிவாதயே' சொல்வது எங்கள் வழக்கம். பெண்களுக்கு அது சொல்வதில்லை, தன் தாய் ஒருத்தியைத் தவிர.

கிளம்பும்போது மணி சுப்பராமனிடம் வந்து காதைத் தொட்டுக்கொண்டான். ராமபத்ரனின் கோத்திரத்தைத் தங்குதடையில்லாமல் சொல்லி விழுந்து எழுந்தான். "தீர்க்காயுசா இரு," என்றார் அவர்.

அப்புறம் தர்மாம்பாளிடம் வந்தான். அவள் கொஞ்சம் குனிந்து, அவன் குரலுக்காகக் காதைக் கொடுத்தபடி நின்றாள். அவன் விழுந்து எழுந்தான். கை காதுக்குப் போகவில்லை.

"வரேன் சித்தி," என்றான்.

அவன் தெருக்கோடி திரும்பின பிறகும் அவள் நிமிரவில்லை.