இருபத்துநாலு தறியை நிறுத்திய நாள்

மாப்பிள்ளை வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் அன்றைக்குத் தறியை நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தது நான்தான். என் கணவருக்கும் மகனுக்கும் அதில் பங்கில்லை. முந்தைய வருடம் ஒரு பெண்ணின் அத்தை வந்து, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அடுத்து வந்தவர்கள் காதைப் பொத்தவில்லை. "எங்க பாப்பா ஊட்ல இருந்தே ஆபீஸ் வேலை பாக்குதுங்க, இந்தச் சத்தத்துல மீட்டிங் பேச முடியுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். மகனுக்கு முப்பத்துநாலு முடிந்திருந்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. சத்தம்தானே பிரச்சினை, அதை ஒழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கோவையை அடுத்த கருமத்தம்பட்டிப் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே விசைத்தறிக் குடோன். என் கல்யாணத்தை முடித்து வைத்ததே இந்தச் சத்தம்தான். என் அப்பா மானாவாரிக் காட்டுக்காரர். மழை ஏமாற்றிய வருடம் அது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர் உள்ளே நுழையாமல் ரோட்டு வளைவிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். "எட்டுத் தறியும் ஓடுது. புள்ள சோத்துக்குச் சிரமப்படாது" என்று அங்கேயே சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளையின் குணத்தை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, விசாரித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று என் கணவரை இன்றும் சீண்டுவேன்.

தறி ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதனால் குடோனுக்குள் யாரும் கத்துவதில்லை. வாயை மட்டும் அசைப்போம், எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். வந்த மூன்று மாதத்தில் எனக்கும் அது பழகிவிட்டது. என் பிள்ளைகள் பேசக் கற்றபோதே இதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

எட்டுத் தறி பன்னிரண்டானது, மகள் பிறந்தாள். பதினாறு ஆனது, ஓட்டு வீடு மச்சு வீடானது. இருபத்துநாலு ஆன வருடம் மகள் இன்ஜினியரிங் சேர்ந்தாள். அதோடு சரி. அதற்குப் பிறகு எண் நகரவே இல்லை. நாங்கள் சோம்பேறியாகிவிடவில்லை. முன்பு ஓடிய அதே நேரம் ஓடினோம், சில வருடம் கூடுதலாகவே ஓடினோம். பாவும் நூலும் கொடுத்து நெய்து வாங்குகிறவர்கள் கூலியை மட்டும் ஏற்ற மாட்டார்கள். பேச்சுவார்த்தை நடக்கும், கையெழுத்தாகும், நடைமுறைக்கு வராது. கரண்ட் கட்டணம் யாரையும் கேட்காமல் ஏறும். பக்கத்து ஊரில் ஆட்டோலூம் வந்தது, ஒரே ஆள் பத்துத் தறியைப் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள். இங்கே ஆள் கிடைக்காமல் ஒடிசாவிலிருந்து வந்தவர்களை வைத்து ஓட்டினோம். வளர்ந்தபோது எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று பேசினோம். நின்றுபோனபோது காலத்தின் மேல் பழி போட்டோம். இரண்டிலும் பாதிதான் உண்மை என்று இப்போது தோன்றுகிறது. ஒன்று மட்டும் நிச்சயம். இந்தச் சுற்றுவட்டாரப் பெண்களையெல்லாம் படிக்க வைத்தது தறிதான். படித்த பிறகு அவர்களுக்குத் தறி வீடு பிடிக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் கோவையில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். பத்தரைக்கு எல்லாத் தறியையும் நிறுத்தச் சொன்னேன். வீடு புதிதாக அமைதியாகிவிட்டது. மிக்ஸி ஓடுவதும் பக்கத்து வீட்டுக் கோழி கேறுவதும் கேட்டன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெண்ணின் அப்பா வந்தார். சோபாவில் உட்காரவில்லை. குடோன் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, தறி நின்னு எத்தன மாசமாச்சுங்க?" என்றார்.

சத்தமில்லை என்றால் நிம்மதி என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். தறிக்காரருக்குச் சத்தமில்லை என்றால் சோறில்லை என்று அர்த்தம். என் அப்பாவின் மகளுக்கு இது தெரியாமல் போயிற்றே.

"மாசமெல்லாம் இல்லீங்க, இன்னைக்கு லீவு விட்டுப்போட்டோம்" என்று என் கணவர் இழுத்தார்.

பெண்ணின் அப்பா குடோனுக்குள் போய் முதல் தறியின் மோட்டாரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு ஆறலீங்களே" என்று சிரித்தார். "எங்களுக்காக நிறுத்துனீங்களாக்கும். நானும் பன்னெண்டு தறி வெச்சிருந்தவன்தானுங்க. போன வருசம்தான் ஒடச்சு எடைக்குப் போட்டேன். ஓட்டுங்க, கேட்டு நாளாச்சு."

மகன் ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டான். இருபத்துநாலும் ஓடின. பெண்ணின் அம்மா வாசலோடு நின்றுகொண்டார். அப்பா மட்டும் தறிகளுக்கு நடுவே நடந்து வந்து என் எதிரில் நின்றார். உதட்டை அசைத்தார்.

"தம்பி நல்ல பையனாட்ட இருக்குதுங்க. உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குன்னாங்களே, எங்க குடுத்திருக்கீங்க?"

"பெங்களூருங்க."

"மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?"

"கம்ப்யூட்டர்ங்க."

அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். என் மகளையும் முப்பது தறி வைத்திருந்த ஒரு நல்ல குடும்பத்தில் கேட்டார்கள். "தறி வீடு வேண்டாங்க" என்று சொன்னது நான். அந்தப் பையனின் அம்மா மறுபடி கூப்பிட்டபோது போனைக்கூட எடுக்கவில்லை. அந்த அம்மாவும் என்னைப் போலத்தான் ஏதோ ஒன்றை மறைத்து, ஏதோ ஒன்றைத் துடைத்துவைத்துக் காத்திருந்திருப்பாள். வெட்கமாக இருந்தது.

அவர்கள் காப்பி குடித்துவிட்டு, பேசிட்டுச் சொல்றோமுங்க என்று கும்பிட்டுக் கிளம்பினார்கள். சொல்லப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த அம்மாவிடம் நான் சொன்னதேதான்.

மறுபடி குடோனுக்குள் போனேன். மகன் கடைசித் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான். நாங்கள் பேசியபோதும் அவன் அங்கேதான் நின்றிருந்தான், என் முகத்துக்கு நேர் எதிரே. உதடு பார்க்கத் தெரிந்தவன். என் பதிலை அவனும் படித்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகத்தில் கோபமில்லை.

"அடுத்த தடவ நிறுத்த வேண்டாம்மா" என்று உதட்டை அசைத்தான். "சத்தத்தக் கேட்டுப்போட்டே வேண்டாங்கட்டும்."

சரி கண்ணு என்றேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டு இழையைப் பிடித்தான்.