எழுத்து மட்டும் என்றொரு விதி

குழு செத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை மொத்தம் மூன்று செய்திகள். மூன்றும் ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கம். அவற்றில் ஒன்று நான் போட்டது.

கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில், வீட்டில் தமிழ் பேசுகிறவர்களுக்காக நான் தொடங்கிய வாட்ஸ்அப் குழு அது. நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் பிறர் எழுதியதைத் திருத்திவிட்டு, வேலையை விட்டு வந்த இரண்டாம் மாதம் தொடங்கினேன். ஆட்களை ஒவ்வொருவராகச் சேர்த்தேன். சர்ச் வாசலில், ரேஷன் கடையில், திருப்புறத்தில் ஒரு கல்யாணப் பந்தியில். குழு நின்றுபோனால் காலையில் எழுந்து செய்ய எனக்கு வேறு வேலை இல்லை.

தொடக்கத்தில் எல்லோரும் குரலில்தான் பேசினார்கள். தனுவச்சபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், கடையைத் திறந்ததும் தினமும் சொல்வார்: "மக்களே, களியக்காவிளை வண்டி இப்பந்தான் போவுது. படியில தொங்கியாக்கும் போறாவ. அடுத்ததுக்கு நில்லுங்க."

"அக்கா, எனக்க சட்ட தச்சாச்சா, இல்ல வண்டிதான் எண்ணுதியளா?" என்று ஒருவர் கேட்பார்.

"ஒனக்க வயிறு வாரத்துக்கு ஒரு அளவுல இருக்கு. நான் எத வச்சு தைக்க?"

அதன் பின்னால் பத்துப் பேர் சிரிக்கிற பத்துப் பதிவுகள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நிமிடப் பதிவில் செய்தி கடைசி ஐந்து நொடியில் இருந்தது. அதற்கு முன்னால் கோழி, மிக்ஸி, சர்ச் ஒலிபெருக்கி. குரலில் எதையும் தேட முடியாது, திருத்த முடியாது. ஒரே விபத்தை மூன்று பேர் மூன்று இடத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு மதியம் விதி போட்டேன்: 'இனி எழுத்து மட்டும். தமிழில் எழுதவும். குரல் பதிவுகள் நீக்கப்படும்.' அன்றே ஏழு பதிவுகளை நீக்கினேன்.

அதன் பிறகு மௌனம். அரிசி களையும்போதும் கை துடைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். நான் எழுதியவற்றுக்குக் கீழே நீலக் குறிகள் விழுந்தன. எல்லோரும் வாசிக்கிறார்கள், யாரும் எழுதவில்லை. இன்றைய கேள்வி என்று ஒன்று போட்டேன். வாக்கெடுப்பு வைத்தேன். நான்கு வாக்குகள். அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரைக்குத் தையல்காரப் பெண் குழுவிலிருந்து வெளியேறினார். அட்மினுக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்ன வரியாக அது வந்தது.

மறுநாள் கிழியாத ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். புரட்டிப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு கேடும் இல்லியே, சாரே."

"நிங்க குரூப்புல இருந்து போயாச்சே."

"பின்னே? நான் படிச்சது மலையாளமாக்கும். தமிழு நாக்குல உண்டு, கையில இல்ல. நிங்க போட்ட சட்டத்த வாசிக்க ஆளில்லாம, தக்கலையில கெட்டிக் குடுத்த நாத்தினாருக்கு அனுப்பியாக்கும் கேட்டேன். அவ சிரிச்ச சிரிப்பு!"

நான் பள்ளிக்குப் போனது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். அப்பா தமிழ் படிக்க வேண்டும் என்று பஸ் ஏற்றி அனுப்பினார். இங்கேயே படித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. விதி எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. நீலக் குறி, திறந்து பார்த்தார்கள் என்பதை மட்டுமே சொல்லும். வாசித்தார்கள் என்று முடிவு செய்தது நான்.

"சட்டத்த எடுத்திருதேன். திரும்ப வாங்க."

அவர் பதில் சொல்லும் முன் தையல் மெஷின் மேல் இருந்த அவருடைய போன் பேசியது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அடுத்த குரலும் தெரியும். எல்லாம் நான் பந்தியிலும் ரேஷன் கடையிலும் சேர்த்தவர்கள்.

"மிண்டாம, வாயத் தொறக்காம எத்தன நாளு இருக்கியது?" என்றார் அவர், தலை நிமிராமல். "நான் வேற ஒண்ணு தொடங்கியாச்சு."

"என்னைய சேக்கலியே?"

"நிங்க அழிச்சிருவியன்னு எல்லாருக்கும் பயம்." கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். "இப்பம் சேக்கேன். ஆனா இஞ்ச பேசணும். எழுதிப் போட்டா நான் அழிப்பேன், கேட்டியளா?"

சரி என்றேன். கடையை விட்டு இறங்குவதற்குள் ஒரு குரல் வந்தது: "எலே, வாயப் பொத்துங்கலே! அழிக்கிய ஆளு வந்தாச்சு!"

பஸ் ஸ்டாப்பில் நின்று, நான் சேர்ந்த பிறகு வந்த பதிவுகளைக் கேட்டேன். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு அன்று மாலை ஆபரேஷன், ரத்தம் வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஓ நெகட்டிவ் என்றார். அடுத்தவர் அதையே ஓ பாசிட்டிவ் என்று சொல்லியிருந்தார். என் விரல் நீக்கும் பொத்தானைத் தேடியது. அது இப்போது என்னிடம் இல்லை.

மைக்கை அழுத்தினேன். முதல் பதிவு வானொலிச் செய்தி போல இருந்தது, அழித்தேன். இரண்டாவதில் இருமல். மூன்றாவதைக் கேட்டுப் பார்க்காமலே அனுப்பினேன்: "மக்கா, நெகட்டிவா பாசிட்டிவா? செரியா சொல்லுங்க."

தையல்காரப் பெண்தான் பதில் சொன்னார். "நெகட்டிவ்தான், சாரே. நான் ஆஸ்பத்திரிக்கு போன்ல விளிச்சுக் கேட்டாச்சு. ஒரு ஆளு கிட்டியாச்சு, இன்னும் ஒரு ஆளு வேணும். நிங்களுக்க ரத்தம் என்ன?"

எனக்கும் அதுதான். மறுபடி மைக்கை அழுத்தினேன்.